விட்லாக் மில்லுத் தண்ணி

ஒக்காருங்க அம்மிணி. அந்தச் சேரு ஆடும், இதுல ஒக்காருங்க. சவுத் கரோலினா ஸ்டேட்டோட சரித்திரத்த எழுதறதுக்கு அங்கிருந்து எங்கூரு வரைக்கும் என்னையத் தேடி வந்திருக்கறீங்க பாருங்க, அதுக்கே உங்களக் கும்பிடோணும். ஆனா ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்கப்படாது. அதுல எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. ரோசங்கெட்ட சனம். அவ்வளவுதான் சரித்திரம். ஒத்த வரியில எழுதிப்போட்டு நீங்க அடுத்த பிளைட்டப் புடிக்கலாம்.

சிரிக்காதீங்க. பாத்துட்டு வந்துதான் சொல்றேன். ரெண்டாயிரத்து ரெண்டுல நாலு மாசம் அங்கதான் கெடந்தேன். விட்லாக்குன்னு பேரு. ஊருன்னு சொல்லப்படாது. ஒரு நூல் மில்லு, அதைச் சுத்தி நூத்தியெண்பது ஊடு, ஒரு சர்ச்சு, தீந்துது. மில்ல மூடிட்டாங்க. உள்ளார இருந்த மிசினு முச்சூடும் எங்க முதலாளி வாங்கிப்போட்டாரு. அதைக் கழட்டி, நம்பர் போட்டு, கப்பல்ல ஏத்தி, இங்க சூலூருக்குப் பக்கத்துல எங்க மில்லுல கொண்டாந்து மாட்டோணும். அதுக்குத்தான் எங்கள அனுப்புனாரு. நானு ஹெட் ஃபிட்டரு. எங்கூட நாலு பேரு. அதுல பட்டீஸ்வரன்னு ஒருத்தன், டிப்ளமா படிச்சவன், எங்களுக்கு இங்கிலீசு பேசறது அவன்தான். எனக்கும் மில்லு இங்கிலீசு வரும்ங்க. ஆனா அந்த ஊருக்காரங்க பேசறது இருக்குது பாருங்க, வாயில பாதியும் மூக்குல பாதியும். ரெண்டு வாரம் ஆச்சு எனக்கு அது இங்கிலீசுன்னு தெரியறதுக்கே.

அங்க லோரீன்னு ஒரு அம்மா. அப்பவே அறுவது வயசு இருக்கும். அந்த மில்லுல முப்பத்தெட்டு வருசம் நூல் ஓட்டுனவ. மூடுன பொறவும் சாவிக்கொத்த அவகிட்டக் குடுத்து, கழட்ட வர்றவங்களுக்கு எது எங்க இருக்குதுன்னு காட்டச் சொல்லி வெச்சிருந்தாங்க. காட்டுவா. தன்னோட மிசின எப்படிக் கழட்டறதுன்னு நமக்கே சொல்லிக் குடுப்பா. "இந்த போல்ட்டு எடக்கைத் திருகு, பலவந்தம் பண்ணுனா முறிஞ்சு போகும், பையத் திருப்பு"ம்பா. போதாததுக்கு மத்தியானம் ஆனா ஐஸ் போட்ட டீ. அதுல சக்கரைன்னா சக்கரை, நாக்குல ஒட்டிக்கும். நம்மூருல மில்ல மூடிப்போட்டு மிசினக் கழட்ட அசலூரு ஆளக் கூட்டிட்டு வரட்டும் பாக்கலாம். கேட்டுலயே மண்டைய ஒடச்சு அனுப்பியிருப்பாங்க. இவங்க டீ குடுக்கறாங்க. த்தூ.

எனக்குப் பொறுக்கலீங்க. ஒரு நாளு கேட்டே போட்டேன். "ஏம்மா, உங்கூருல சங்கம் கிங்கம் ஒண்ணும் இல்லையா?"ன்னு. பட்டீசு அதைக் கொஞ்சம் மரியாதையாத்தான் கேட்டிருப்பான். அந்தம்மா கேன்ல இருந்த டீய கீழ வெச்சுப்போட்டு, எங்களுக்குச் சரித்திரம் சொன்னா. நீங்க புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க. நானு அவ வாயால கேட்டேன்.

அவ தாத்தன் பருத்திக்காட்டுல வாரத்துக்கு வெள்ளாமை பண்ணுனவனாம். வெளஞ்சதுல பாதி நெலத்துக்காரனுக்கு, மீதி கடைக்காரனுக்கு. அந்த நேரத்துல மில்லு வந்துச்சாம். ஊடு மில்லுது. மளிகைக் கடை மில்லுது. சர்ச்சுல பிரசங்கம் பண்ற பாதிரிக்குச் சம்பளம் மில்லுது. அப்புறம் அவரு எதைப் பத்திப் பிரசங்கம் பண்ணுவாரு, சொல்லுங்க? மேல இருக்கறவருக்குக் கீழ்ப்படிங்கன்னுதான். யாரு மேல இருக்கறதுன்னு சனத்துக்குத் தெரியாதா.

முப்பத்திநாலுல அந்தப் பக்கம் பூராவும் மில்லு ஸ்டிரைக்காம். இருக்குதா, நீங்களும் எழுதி வெச்சிருக்கறீங்களா? மூணு வாரந்தான் தாக்குப் புடிச்சாங்க. கவர்னரு பட்டாளத்த அனுப்பிச்சுட்டாரு. விட்லாக்குல மில்லுக் கூரை மேல மெசின் கன்ன வெச்சுட்டு நின்னாங்களாம். கொடி புடிச்சவன் ஊட்டுச் சாமான் சட்டெல்லாம் ரோட்டுக்கு வந்துருச்சு, ஏன்னா ஊடு மில்லோடதாச்சே. அதுக்கப்புறம் லோரீனோட அப்பன் சாகற வரைக்கும் சங்கம்ங்கற பேச்ச ஊட்டுக்குள்ளயே பேச உடலையாம். "சோறு திங்கறப்ப அந்த வார்த்தை வந்தா எந்திரிச்சுப் போயிருவாரு"ன்னா. நானு மனசுக்குள்ள நெனச்சேன், ஒருக்காச் சூடு பட்டதுக்கு மூணு தலைமுறையா பயந்துட்டு இருந்திருக்குது இந்தக் குடும்பம். எங்கப்பனெல்லாம் மில்லுச் சங்கத்துல ஜெயிலுக்குப் போனவரு. நானா? நானு சங்கத்துல இருந்தேனுங்க, ஹெட் ஃபிட்டரு ஆகற வரைக்கும். அப்புறம் அது ஒத்து வராது. முதலாளிகிட்ட நேராப் பேசறவனுக்கு சங்கம் எதுக்கு?

இன்னும் கேளுங்க. அந்த ஸ்டேட்டுக் கவர்னருங்க வடக்க இருக்கற மில்லு முதலாளிகளுக்குச் சொல்லி அனுப்புவாங்களாம். "எங்கூருக்கு வாங்க, இங்க கூலி கம்மி, சங்கம் இல்ல, புதுசா மில்லு கட்டுனா அஞ்சு வருசத்துக்கு வரி இல்ல"ன்னு. தன் சனம் மலிவுன்னு தானே தண்டோராப் போடற சர்க்காரு! வடக்க இருந்தவன் மூட்டையக் கட்டிட்டு வந்தான். வந்தவன் எத்தனை நாளைக்கு இருப்பான்? இதை உட மலிவா ஒரு எடம் கண்டா அங்க போவான். போயிட்டான். இதுல இவங்களுக்கு ஆச்சரியம் வேற. "எப்படி எங்கள உட்டுப் போனாங்க, நாங்க ஒரே குடும்பமாட்டம் இருந்தமே"ன்னு லோரீன் கேக்கறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. குடும்பமாம்.

இதுல இன்னொரு அசிங்கம். கறுப்பருங்களும் வெள்ளைக்காரங்களும் ஒரே ரூமுல நூல் ஓட்டப்படாதுன்னு சட்டமே போட்டு வெச்சிருந்தாங்களாம். சட்டம்ங்க! பஞ்சு மூட்டையப் பிரிக்கறதுக்கு, வாசலக் கூட்டறதுக்கு மட்டும் அவங்க. அறுவத்தஞ்சுக்கு மேலதான் மிசின் ரூமுக்குள்ள உட்டிருக்கறாங்க. மனுசனுக்கு மனுசன் இதென்னங்க பாவம்? படிச்ச நாடு, ராக்கெட்டு உடற நாடு.

யாரது? நாச்சிமுத்தா? உள்ளார வா. ஒண்ணுமில்லீங்க அம்மிணி, எங்கூரு ஆளு, கையெழுத்து வாங்கிட்டு வர்றான். ம், எத்தனை ஆச்சு? சரி. இன்னும் தோட்டத்து ஊடுக பாக்கி இருக்குது, அங்க போ. அட, வாய்க்காலுக்கு அக்கட்டால எதுக்குப் போறே? காலனியில ஒருத்தனும் போட மாட்டான். அவங்க வேற மனுக் குடுத்திருக்கறாங்க. நீ நேராத் தோட்டத்துப் பக்கம் போ.

நாளைக்குக் கிராமசபைங்க. எங்க பஞ்சாயத்தக் கார்ப்பரேசனோட சேக்கறேங்கறாங்க. உடுவமா? வேண்டாம்னு தீர்மானம் போடறோம். சேந்தா ஊட்டு வரி ஏறும், குப்பைக்கு வரி, தண்ணிக்கு வரி, நூறு நாள் வேலையும் போச்சு. பைப்புல ஆத்துத் தண்ணி தர்றாங்களாம். எங்களுக்கு எதுக்கு ஆத்துத் தண்ணி? எங்க மில்லு போருல இருந்து முதலாளி நாப்பது வருசமாச் சும்மாவே தண்ணி உடறாரு. காலனிக்கு பைப்பு இல்ல, வாஸ்தவந்தான். வாய்க்காலத் தாண்டிப் பைப்பு போடோணும்னு மில்லுக்கு என்னங்க தலையெழுத்து? அது வேற நாயம், உடுங்க. போன வாரம் முதலாளி என்னையக் கூப்பிட்டாரு. ரிட்டேடு ஆயி ஏழு வருசம் ஆச்சு, மறக்கல பாருங்க. "மருதாசலம், நீ நாலு ஊடு ஏறி எறங்குனா ஊரு கேக்கும்"னாரு. அவ்வளவுதான், எறங்கீட்டேன்.

எங்க உட்டேன்? ஆங், தண்ணி. அந்த விட்லாக்குக்கும் தண்ணி மில்லோடதுதாங்க. ஆத்துல இருந்து இழுத்து, வடிகட்டி, மேல டேங்குக்கு ஏத்தறதுக்கு ஒரு பம்பு ஹவுசு. நூத்தியெண்பது ஊட்டுக்கும் அதுதான். அந்த எடத்த ஒரு முனிசிபாலிட்டியாட்டம் சட்டப்படி ஊராக்கலாமான்னு மூணு வாட்டி ஓட்டு வெச்சிருக்கறாங்க. ஊரா ஆனா தண்ணி ஊரோடதாயிரும், மில்லுகிட்ட வரி வாங்கலாம். மூணு வாட்டியும் வேண்டாம்னு குத்தியிருக்குது அந்த சனம்! கேட்டீங்களா? எவனாவது இனாமாக் குடுக்கற ஓட்ட எடுத்துத் தன் தலையிலயே குத்திக்குவானா?

கடைசி ஓட்டு தொண்ணூத்தொண்ணுலயாம். மில்லு மேனேஜரு லோரீனக் கூப்பிட்டு உட்டானாம். "லோரீன், நீ சொன்னா நாலு பேரு கேப்பாங்க. ஊரா ஆச்சுன்னா வரி வரும். தண்ணிக்குக் காசு வரும். ஆத்துக்கு அக்கட்டால இருக்கற கறுப்பருங்களையும் எல்லைக்குள்ள சேத்துக்கோணும், அவங்களுக்கும் இதே பைப்பு போகும். இப்ப நாங்க சும்மாத்தானே உடறோம்"னானாம். இந்தப் பைத்தியக்காரி ஊடு ஊடா ஏறி எறங்கியிருக்கறா. நூத்தியெண்பது கதவையும் அவளே தட்டியிருக்கறா. முடிஞ்ச பொறவு மேனேஜரு ஒரு பன்னித் தொடை குடுத்தானாம், கிறிஸ்துமஸ்ஸுக்கு. அதை என்கிட்டச் சொல்றா, தலையக் குனிஞ்சுட்டு. இவளுக்கெல்லாம் எதுக்குங்க பரிதாபப்படோணும்? எனக்கு வரலீங்க.

ஏன்னா எங்க லிஸ்டுல அந்த ரெண்டு பம்பும் இருந்துச்சு. மோட்டாரோட சேத்து, வரிசையில கடைசி. எங்க முதலாளி காசு குடுத்து வாங்குன சாமான். மில்லுக்காரன் வித்துட்டான், நாங்க வாங்கிட்டோம், அதுக்கு நடுவுல இந்த சனம் எங்க வந்துச்சு?

மத்த மிசினெல்லாம் கழட்டியாச்சு. பம்பு ஹவுசுக்குப் போன அன்னைக்கு, வாசல்ல லோரீன் நிக்கறா. "ஆறு வாரம் குடு"ங்கறா. கவுண்டி ஆபீசுல மனுப் போட்டிருக்கறாங்களாம். அவங்க பைப்பு கொண்டார வரைக்கும் இது ஓடட்டும்னு. கவுண்டின்னா நம்ம தாலுக்காவாட்டம். ஆனா கவுண்டிக்காரன், நீங்க ஊரே இல்லையே, உங்க பேருல எப்படிப் பைப்பு போடறதுன்னு கேக்கறானாம். பக்கத்து டவுன்காரன், நீங்க எங்க எல்லைக்கு வெளியேன்னுட்டான். ஞாயந்தானே? மூணு வாட்டிக் கேட்டப்ப வேண்டாம்னவங்கதானே?

இருந்தாலும் நானு முதலாளிக்குப் போனு போட்டேனுங்க. கல்லு மனசுக்காரன்னு நெனச்சுக்காதீங்க. அவரு சொன்னாரு, "மருதாசலம், கப்பல் புக் ஆயிருச்சு, லிஸ்டுல இருக்கறது லிஸ்டுல வரோணும்." வந்துருச்சு. மூணு நாளு டயம் குடுத்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கக்கெழமை வெடியால கழட்டுனேன். அந்த மூணு நாளும் சனம் என்ன பண்ணுச்சு தெரியுங்களா? குளிக்கற தொட்டியில தண்ணி புடிச்சு வெச்சுச்சு. பக்கெட்டுல புடிச்சுச்சு, ஜாடியில புடிச்சுச்சு. ஒருத்தன் கல்லெடுக்கல. ஒருத்தன் வழி மறிக்கல. ஒரு பெருசு வந்து, "தம்பி, அந்த வால்வு கெட்டியா இருக்கும், எண்ணெய் உடு"ன்னுட்டுப் போகுது. எனக்கு ஆங்காரமா வந்துச்சுங்க. அடிக்க வந்திருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

பட்டீசு என்னோட மல்லுக்கு நின்னான். "அண்ணா, ரெண்டு பம்பு இருக்குது, ஒண்ண உட்டுட்டுப் போலாம், ரிப்பேருன்னு எழுதிக்கலாம்"ங்கறான். வேலைக்கு வந்த எடத்துல முதலாளி பொருள உட்டுட்டு வரச் சொல்றான்! அவனுக்கு அப்பவே புத்தி அப்படித்தான். காலனிப் பையன்ங்க அவன். இப்ப கார்ப்பரேசன் தண்ணி வேணும்னு காலனிக்காரங்க குடுத்த மனுவுல முதல் கையெழுத்தே அவனுதுதான்.

அப்புறந்தான் கூத்து. தண்ணி நின்ன அன்னைக்குச் சாங்காலம் பாலத்து மேல ஒரு லாரி வருது. ஆத்துக்கு அக்கட்டால இருந்து. அமோஸ்னு ஒரு பெரியவரு, கறுப்பரு, எழுவது வயசு இருக்கும், நல்ல ஒசரம். லாரி மேல டேங்கு. இவங்க தங்களோட பைப்ப அவங்களுக்குத் தரமாட்டோம்னு மொத வாட்டியே குத்துனாங்க பாத்தீங்களா, அவங்க கெடந்து பாத்துட்டு, தொள்ளாயிரத்து எழுவதுலயே வசூல் பண்ணி, சொந்தமா ஆழக் கெணறு போட்டு, ஒரு தண்ணிச் சங்கம் வெச்சிருக்கறாங்க. ஊட்டுக்கு ஒரு ஓட்டு. மாசத்துக்கு ஒருக்கா அவங்க சர்ச்சுல கூடிப் பேசுவாங்களாம். கெணறு நல்லா ஊறுது. இவங்க மில்லு மூடுனா அவங்களுக்கென்ன?

இந்த வெள்ளைக்கார சனம் பக்கெட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்குது. அந்தப் பெரியவரு ஒரு வார்த்தை குத்திப் பேசல. "தற்காலிகமாப் பாலத்து ஓரமா பைப்பு கொண்டாறோம். வேணுங்கறவங்க சங்கத்துல சேருங்க. வரி கட்டோணும், கூட்டத்துக்கு வரோணும், கையத் தூக்கி ஓட்டுப் போடோணும்"னாரு. நானா இருந்தா வெச்சு வாங்கியிருப்பேன். அம்பது வருசத்துக் கணக்கையும் அந்தப் பாலத்து மேலயே பேசித் தீத்திருப்பேன். அவரு பாத்துட்டு நிக்கறாரு. நம்ம பட்டீசு வேற. காலையில என்னோட பம்பக் கழட்டுன கையோட, சாங்காலம் அங்க போயி அவங்களோட மண்டிபோட்டுப் பைப்பு ஒட்டிட்டு இருக்கறான். கூலி இல்லாம.

முதல் ஆளா நோட்டுல கையெழுத்துப் போட்டது லோரீன். அமோஸ் நோட்டப் புடிச்சுக் குடுத்தாரு. "நாந்தான் உங்களுக்கு வேண்டாம்னு கதவு கதவாச் சொன்னவ"ன்னா. அவரு, "தெரியும் மேடம், உங்களப் பாலத்துல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தோம்"னாரு. அந்தம்மா எல்லாத்துக்கும் முன்னால அழுதுட்டா.

எல்லாரும் சேந்துட்டாங்கன்னா நெனைக்கறீங்க? போங்க. அறுவது ஊடு சேரலீங்க. கறுப்பருங்க சர்ச்சுக்குப் போயி ஒக்காந்து கை தூக்கோணுமான்னு, கடையில பாட்டில் தண்ணி வாங்கிக் குடிக்குதுங்க. குளிக்கறதுக்கு மழை பேஞ்சா உண்டு. தண்ணியில என்னங்க நெறம் இருக்குது? இதை எழுதுங்க. இதுதான் அந்த ஸ்டேட்டு. தாகத்துல செத்தாலும் சாவானே ஒழிய பக்கத்துல ஒக்கார மாட்டான். இதுக்குன்னுதானே அவங்க முதலாளி அத்தனை வருசமா வரி இல்லாம, கேள்வி இல்லாம ஓட்டிட்டுப் போனான்.

என்ன கேட்டீங்க? எங்க மில்லா? ஓடுதுங்க. ஒரு சிப்டு. ஒடிசாப் பசங்க ஓட்டறாங்க. போன மாசம் யாரோ வந்து முன்னால எடத்த அளந்துட்டுப் போனாங்க, குடோன் கட்டறதுக்குங்கறாங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. முதலாளி எங்கள உட்டுப்போடுவாரா? அவரு கையில வளந்த ஊருங்க இது.

நாங்க கெளம்பற அன்னைக்கு லோரீன் வந்தா. கண்டெய்னரு பூட்டியாச்சு. சாவிக்கொத்து இன்னும் அவ இடுப்புல தொங்குது, இனி எந்தக் கதவுக்கோ. சோளமாவுல பணியாரமாட்டம் ஒரு ரொட்டி சுட்டுக் கொண்டாந்திருந்தா. நானு சாப்புட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா இருக்க மாட்டாம என்னையக் கேக்கறா, "உங்கூருல உனக்கு யாரு தண்ணி தர்றாங்க?"ன்னு. இவளுக்குக் காட்டோணும்னே நானு நெஞ்ச நிமுத்திச் சொன்னேன். "எங்க மில்லுதான். எங்க முதலாளி சும்மாவே உடறாரு"ன்னேன். பட்டீசு அதைச் சொல்லாம நின்னான். சொல்லுடான்னேன். சொன்னான்.

அவ என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. அப்புறம் ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சுட்டு அழுகறா. நாலு மாசம் தன் மிசினக் கழட்டுனப்ப அழுகாதவ, பம்பக் கழட்டுனப்ப அழுகாதவ. எனக்கு ஒண்ணும் புரியல. "எதுக்குன்னு கேளுடா"ன்னு பட்டீசுகிட்டச் சொன்னேன். கேட்டான். "உனக்காகத்தான்"னாளாம்.

எனக்காகவாம்! கேட்டீங்களா அம்மிணி? தண்ணிக்கு அடுத்தவன்கிட்டப் பக்கெட்டு நீட்டிட்டு நிக்கறவ எனக்காக அழுகறா. பொறாமைங்க. வேற என்ன இருக்கப் போகுது?